காட்டியவர்: பெத்ரஸ் டொம்ரோக்

போலீஸ் நிலையத்தின் பின்கட்டு அறையில் பதினேழு அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். சார்ஜென்ட் டெல்மரி யூலிஸ் முதல் பெட்டியின் டேப்பைக் கத்தியால் அறுத்து மூடியைத் தூக்கினாள். உள்ளே கழிப்பறைக் காகிதத்தில் சுற்றிய சின்னச் சின்ன உருண்டைகள், மிட்டாய்க் கடைக்காரன் அடுக்கியது போல அடுக்கடுக்காக இருந்தன.

சன்னா ஃபொர்டுயின் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பச்சைச் செடி. இலையும் இல்லை, தண்டும் இல்லை. நடுவில் உதடு மாதிரி ஒரு கீறல், அடியில் நூல் போல வேர். வேரில் வெள்ளைக் கல்துகள் ஒட்டியிருந்தது. காட்டிலிருந்து பிடுங்கினால் ஜெயில்; ஆனாலும் வெளிநாட்டில் ஆசைக்கு வளர்க்கிறவர்கள் காசைக் கொட்டி வாங்கும் செடி.

"காட்டுச் செடியா, நர்சரிச் செடியா? அதை மட்டும் சொல்லுங்க சிஸ்டர், போதும்" என்றாள் டெல்மரி. "பிடிபட்ட ஆளு, 'கேப் டவுன்ல நானே விதை போட்டு வளர்த்தேன்'னு சாதிக்கிறான். வக்கீல் வேற வந்துட்டாரு. ரெண்டு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிக்கணும்."

ஸ்டைன்கோஃப் பக்கத்து மலைகளில் சன்னாவை சிஸ்டர் என்று கூப்பிடாதவர்கள் கிடையாது. இருபத்தாறு வருடமாக நடமாடும் மருத்துவமனை வண்டியின் நர்ஸ் அவள். ஒரு பக்கம் மருந்துப் பெட்டி, மறுபக்கம் காமிராப் பை. ஆட்டுப்பட்டி ஆட்டுப்பட்டியாகப் போய் ரத்தக்கொதிப்பு பார்ப்பாள். பார்த்து முடித்ததும் குன்றில் ஏறிச் செடிகளைப் படமெடுப்பாள். எடுத்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றிவைத்திருந்தாள். பதினோராயிரம் படங்கள். பெரிய பெரிய தாவரவியல்காரர்களெல்லாம் சந்தேகம் வந்தால் அங்கேதான் போய்ப் பார்ப்பார்கள்.

அவள் இன்னொரு காகிதத்தைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றது.

மூன்று பொத்தான்கள் ஒட்டிக்கொண்டது போல மூன்று தலையுள்ள செடி. நடுத்தலையில் ஒரு ஓரம் இல்லை. ஆமை கடித்த வடு.

"என்ன சிஸ்டர்? தெரிஞ்ச வகையா?"

"வகை இல்லம்மா." சன்னா செடியை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் செடியைத் தெரியும். பட்டாணி சைஸ்ல இருந்ததுலேர்ந்து தெரியும்."

டெல்மரி சிரிக்கப் போனாள். சன்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சன்னா கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டினாள். போன வருடம் ஜூன் மாதம் எடுத்தது. மூன்று தலை, ஆமைக்கடி, இடது தலையில் ஐந்து புள்ளி. டெல்மரி படத்தையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக விசிலடித்தாள்.

"செத்தான் அவன்! நர்சரியாம் நர்சரி. இந்தச் செடி எங்க இருந்தது, சிஸ்டர்?"

"கத்ரினாவோட குன்று." சன்னா பெட்டிகளை ஒருமுறை பார்த்தாள். "மொத்தம் எத்தனை?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"அவ குன்றுல அவ்வளவுதான் இருந்தது. நாலாயிரம்தான் இருந்தது, டெல்மரி."

பெட்டி ஒன்றின் மேல் உட்காரப் போனவள், அதற்குள் இருப்பது நினைவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி அங்க போனான்? நான் இடத்தோட பேரை எழுதினதே இல்லையே. ஜில்லா பேரைக்கூட எழுதினதில்லை. காமிராவுல இடம் பதியற வசதியை அணைச்சு வெச்சிருக்கேன். படத்துல ஓரமா ஒரு மலை தெரிஞ்சாக்கூட வெட்டிட்டுத்தான் போடுவேன். குருவிக்குக்கூடத் தெரியாது."

"கும்பல் பெருசு சிஸ்டர். உள்ளூர் ஆளுங்களே உடந்தை." டெல்மரி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே ஒரு சின்ன நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. "அவன் காருல இருந்தது. கூட்டாளிங்க பட்டியல். நாலு நாளா தேடறோம், ஒருத்தர் பேர்லயும் ஒரு பழைய கேஸ் இல்லை. பலே கில்லாடிங்க."

பட்டியலில் முதல் பெயர் கத்ரினா லிங்க்ஸ். பக்கத்தில் ஒரு டிக். இரண்டாவது மோசஸ் வில்ஸ்கட். அதற்கும் டிக். மூன்றாவது பெத்ரஸ் டொம்ரோக். அதற்கு டிக் இல்லை. 'சனிக்கிழமை காலை பத்து' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிவரியாக இன்னும் பெயர்கள்.

"கில்லாடியா?" சன்னாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "கத்ரினாவுக்கு எண்பத்தொரு வயசு. வாரா வாரம் அவ கால் புண்ணுக்குக் கட்டுப் போடறது நான். மோசஸுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. கேட்டைத் திறக்கணும்னாலே தடவிக்கிட்டுத்தான் போவான்."

"அப்புறம் எதுக்கு இவங்க பேரை எழுதி வெச்சிருக்கான்?"

சன்னா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள். நாலாவது பெயர், ஐந்தாவது பெயர், ஆறாவது. அந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறாள். அவளே போட்ட வரிசை அது.

டெல்மரியின் கையிலிருந்து உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

பதினெட்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மோசஸ்தான் அவரை அழைத்துக்கொண்டு போய் ஒரு புதுச் செடியைக் காட்டினான். பேராசிரியர் அதற்குத் தன் மனைவியின் பெயரை வைத்துப் புத்தகத்தில் போட்டுவிட்டார். "கண்டுபிடிச்சது நானு, சிஸ்டர். அந்தம்மா இங்க வந்து ஒரு முள்ளுகூடக் குத்திக்கலை" என்று மோசஸ் சிரித்தான். சன்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ஒரு தீர்மானம் செய்தாள். அவள் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி வரும். காட்டியவர்: இன்னார். இடம் இருக்காது, பெயர் இருக்கும். செடிகளைத் தெரிந்த மனிதர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள் என்று உலகத்துக்குத் தெரியட்டும்.

அறுபத்து மூன்று பெயர்கள்.

ஆட்டுப்பட்டிக்காரனின் பெயர் தெரிந்தால் பட்டி தெரிந்துவிடும். எந்தக் கடையில் கேட்டாலும் கை நீட்டிச் சொல்வார்கள். பட்டி தெரிந்தால் குன்று தெரிந்துவிடும்.

"இது கூட்டாளிங்க பட்டியல் இல்ல, டெல்மரி" என்றாள். "என் பட்டியல்."

டெல்மரிக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவள் பார்வை மூன்றாவது வரியில் போய் விழுந்தது. "சனிக்கிழமைன்னா நாளைக்கு! இவனோட ஆளுங்க ரெண்டு பேர் இன்னும் வெளியதான் இருக்காங்க. அந்தப் பெரியவருக்கு போன் இருக்கா?"

"பட்டியில சிக்னல் கிடையாது."

"ரெண்டு மணி கோர்ட்டை விட்டுட்டு நான் வர முடியாது. வண்டியும் ஒண்ணுதான் இருக்கு. நாலரை, அஞ்சுக்குள்ள வந்துடுவேன். நீங்க முந்திப் போங்க."

சன்னா ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.

பெத்ரஸ் டொம்ரோக்கின் குன்றில் இருக்கும் செடி வேறு. அது அந்தக் குன்றில் மட்டும்தான் உண்டு. பூமியில் வேறெங்கும் கிடையாது. போன வருடம் அவள் எண்ணியது எண்ணூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டும் போனால், அந்த வகையே போயிற்று.

நூற்றுப் பத்து கிலோமீட்டர், அதில் பாதி சரளை. வழியில் ஏழு கேட். திறந்து, வண்டியை விட்டு, இறங்கி மூடிவிட்டுத்தான் போகவேண்டும். மூடாமல் போகிறவனை அந்தப் பக்கத்தில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக சன்னா ஏழு கேட்டையும் திறந்து போட்டுவிட்டுப் போனாள்.

பட்டியில் எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. பாய்க்குடிசைக்கு முன்னால் பெத்ரஸின் மனைவி லேனா கனலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சன்னா மூச்சு விட்டாள். நாளைக்குத்தானே வருகிறார்கள்? வந்துவிட்டோம், போதும்.

"அடடே, சிஸ்டரா!" லேனா எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். "நாளைக்குத்தான வருவேன்னு சொன்னாங்க?"

"யாரு அத்தை சொன்னது?"

"உன் ஆளுங்கதான். போன திங்கக்கிழமை வந்தாங்களே, அந்த ரெண்டு ஒல்லிப்பிச்சானுங்க. நல்ல பசங்கதான். ஆனா ஒருத்தன் பால் வேண்டாம்னுட்டான். ஆட்டு வாடை அடிக்குதாம். ஆட்டுப்பால்ல ஆட்டு வாடை அடிக்காம ரோஜாப்பூ வாடையா அடிக்கும்?" லேனா தானே சிரித்துக்கொண்டாள். "என்ன நிக்கிற? உக்காரு. ரொட்டி ஆறிடும்."

"பெத்ரஸ் மாமா எங்க?"

"வேற எங்க? உன் வேலையத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. நாலு நாளா வீட்டு வேலை ஒண்ணும் ஆகலை."

குடிசைக்குப் பின்னாலிருந்து பெத்ரஸ் வந்தார். முழங்கால் இரண்டிலும் வெள்ளைப் புழுதி. கையில் ஒரு டீஸ்பூன். அதன் முனையைக் கல்லில் தீட்டிக் கூராக்கியிருந்தார்.

"வந்துட்டியா? நல்லவேளை, நேத்தே முடிச்சுட்டேன். ஏதாவது விட்டுப்போச்சான்னு இப்ப ஒரு தடவை பாத்தேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "வா, வந்து பாரு. ஒண்ணுக்குக்கூட வேர் அறுபடலை."

குடிசை நிழலில் நாலு சோளமாவுச் சாக்குகள் இருந்தன. பெத்ரஸ் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே பழைய பத்திரிகைத் துண்டுகளில் சுற்றிய உருண்டைகள், விளிம்பு வரைக்கும்.

சன்னா ஒன்றைப் பிரித்தாள். குன்றின் செடி.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"எல்லாந்தான். ஒண்ணு விடாம எடுக்கச் சொல்லியிருந்தியே."

"நானா?"

"சுரங்கக் கம்பெனி வந்து குன்றையே வழிச்சுடப் போகுதாம், அதுக்குள்ள செடியையெல்லாம் சிஸ்டர் காப்பாத்தணும்னு நினைக்கிறாங்க, குனிய முடியாம இடுப்பு வலி வேறன்னு அந்தப் பசங்கதான் சொன்னாங்க. போன்ல உன் படத்தைக் காட்டினாங்க. கீழ என் பேர் இருக்குன்னு படிச்சும் காட்டினாங்க. எடுக்கறதுக்குக் காசு தர்றேன்னாங்க." பெத்ரஸ் நிமிர்ந்து நின்றார். "சிஸ்டரோட ஆளுங்ககிட்ட நான் காசு வாங்கறதான்னு திட்டி அனுப்பிட்டேன்."

சன்னா புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? தண்ணி குடுங்க அவளுக்கு!" லேனா ஓடி வந்தாள்.

"அவங்க என் ஆளுங்க இல்ல, மாமா. திருடனுங்க. சுரங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கத்ரினா குன்று காலி. பெட்டி பெட்டியா போலீஸ் ஸ்டேஷன்ல பாத்துட்டு வர்றேன். மோசஸ் குன்றுலயும் எடுத்தாச்சுன்னு அவனுங்க நோட்டு சொல்லுது. அடுத்தது இதுதான்னு ஓடி வந்தேன்."

பெத்ரஸ் முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார் போல. பிறகு லேனாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தார். அதைக் கீழே போடாமல், மெதுவாகக் குனிந்து ஒரு கல்லின் மேல் வைத்தார், சத்தம் வரக்கூடாது என்பது போல.

ரொட்டி கருகும் வாசனை வந்தது.

"என்னை எதுக்குத் தேடி வந்தாங்க?" என்று கேட்டார் கடைசியில். "இந்த மலையில எத்தனை பட்டி இருக்கு. என் பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லாமல் இருக்க முடியாது. சன்னா சொன்னாள். பட்டியல், வரிசை, அறுபத்து மூன்று பேர், எல்லாம். குடிசை வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படம் தொங்கியது. அவளே அச்சடித்துக் கொடுத்த செடிப் படம், கீழே அவர் பெயரோடு. பெத்ரஸுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயரின் உருவம் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டுவார்.

அவர் திரும்பி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

"எழுதறதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டீங்களா, சிஸ்டர்?"

இருபத்தாறு வருடமாக அவளை மகளைப் போல நீ, வா, போ என்றுதான் சொல்லிவந்தார். இன்றைக்குத்தான் முதல் தடவையாக 'நீங்க'. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

"இல்ல மாமா. கௌரவம்னு நினைச்சேன்."

"நானுந்தான் நினைச்சேன்" என்றார்.

லேனாதான் முதலில் சுதாரித்தாள். "ஏன் ரெண்டு பேரும் சாவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? செடி இன்னும் சாகலையே. நேத்து பிடுங்கினது. நாத்து பிடுங்கினா திரும்ப நடறதில்லையா?"

"இது நாத்து இல்ல அத்தை. எந்தப் பொந்துல இருந்ததோ அந்தப் பொந்துலயே வெச்சாத்தான் பிழைக்கும். வேற இடத்துல வெயில் ஒரு மணி நேரம் கூடுதலா பட்டாலும் வெந்துடும். எது எங்க இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்..." என்று சொல்லிக்கொண்டே வந்த சன்னா நிறுத்தினாள்.

எழுந்து வண்டிக்கு ஓடினாள்.

வருடா வருடம் ஜூன் மாதம் அந்தக் குன்றில் அவள் செய்கிற வேலை ஒன்று உண்டு. இரண்டடிக்கு இரண்டடி கம்பிச் சட்டம் ஒன்றைத் தரையில் வைப்பாள். நாலு மூலையிலும் சாயம் பூசிய கல் கிடக்கும். சட்டத்துக்கு நேர் மேலே நின்று ஒரு படம். அப்படி நாற்பத்தொரு சதுரங்கள். ஒவ்வொரு செடியும், அதன் பொந்தும், பக்கத்துக் கல்லும் அந்தப் படங்களில் இருந்தன. மடிக்கணினியையும் கம்பிச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு மூவரும் சாக்குகளோடு ஏறினார்கள்.

குன்றின் வெள்ளைக் கல் பரப்பு முழுக்க விரல் நுனி அளவுக்குக் குழிகள். பெத்ரஸ் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். ஒரு கல்கூட இடம் மாறியிருக்கவில்லை. அவ்வளவு கவனம். அவ்வளவு அன்பு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வேலை பேச்சில்லாமல் நடந்தது. லேனா பத்திரிகைத் துண்டைப் பிரிப்பாள். சன்னா செடியைத் திரையோடு ஒப்பிடுவாள். இரண்டு தலை, இடப்பக்கம் சாய்வு, சிவப்பு விளிம்பு. "மேல் மூலையிலேர்ந்து நாலு விரல் கீழ" என்பாள். பெத்ரஸ் குப்புறப் படுத்து, ஸ்பூனால் கல்துகளை ஒதுக்கி உள்ளே வைப்பார். இரண்டு மணி நேரத்தில் மூன்று சதுரம் முடிந்தது. ஐம்பத்தெட்டுச் செடிகள். பிரித்தவற்றில் பாதிக்கு மேல் எந்தப் படத்திலும் பொருந்தாமல் தனியாக ஒரு தாளில் கிடந்தன.

குன்றின் உச்சியில் மட்டும் கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். சன்னா அங்கே போய் நின்று இணையத்தில் தன் படங்களின் பக்கத்தைத் திறந்தாள். பெத்ரஸ் பின்னால் வந்து நின்றார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பேரையெல்லாம் எடுத்துடறேன். மத்தவங்களாவது தப்பிக்கட்டும்."

"எல்லார் பேரையுமா? அவங்களைக் கேட்டீங்களா?"

"கேக்க நேரமில்ல மாமா."

அவர் தலையாட்டினார். சரி என்றா, வேறு என்னவா, தெரியவில்லை. "என்னுது எங்க இருக்குன்னு காட்டுங்க."

அவள் காட்டினாள். அவர் அந்த எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தார். புழுதி படிந்த விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

சன்னா அழித்தாள். ஒன்றன்பின் ஒன்றாக அறுபத்து மூன்றையும். ஒரு பெயரை ஒரு தடவை அழித்தால் அவர் காட்டிய எல்லாப் படத்திலிருந்தும் போய்விடும். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

வெயில் மஞ்சளான நேரத்தில் போலீஸ் வண்டி வந்தது. டெல்மரி இரைக்க இரைக்க ஏறி வந்தாள். "அவனுக்கு ஜாமீன் இல்லை, சிஸ்டர்! உங்க படத்தைப் பாத்ததும் வக்கீல் வாயே திறக்கலை. நாளைக்குப் பத்து மணிக்கு ரோட்டுலயே மறிச்சு மத்த ரெண்டு பேரையும்..."

குழிகளைப் பார்த்தாள். சாக்குகளைப் பார்த்தாள். முழங்காலில் உட்கார்ந்திருந்த பெரியவரையும், அவர் கையிலிருந்த ஸ்பூனையும் பார்த்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டாங்களா?" ஒரு குழிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "யாரு தோண்டினது இதை?"

சன்னாவுக்குச் சட்டம் தெரியும். இந்தச் செடியைப் பிடுங்கினவனுக்கு ஜெயில். யார் சொல்லிப் பிடுங்கினான், எதற்குப் பிடுங்கினான் என்பதெல்லாம் அப்புறம் வரும் பேச்சு. தெரியலை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"நாந்தான் தோண்டினேன்" என்றார் பெத்ரஸ். எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என்னை ஏமாத்தித்தான் செய்ய வெச்சாங்க. ஆனா தோண்டின கை என்னுது."

"டெல்மரி, அவரு என் பேரைக் கேட்டுத்தான்... நான் சாட்சி சொல்றேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"சொல்லுங்க சிஸ்டர். நானும் ஏமாத்தப்பட்டவர்னுதான் எழுதுவேன். ஆனா மாஜிஸ்திரேட் என்ன சொல்வாருன்னு என்னால உறுதி சொல்ல முடியாது." டெல்மரி சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "முழுப் பேரு சொல்லுங்க, பெரியவரே."

"பெத்ரஸ் டொம்ரோக்."

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க. தப்பா எழுதிட்டா கோர்ட்டுல திருப்பி அனுப்பிடுவாங்க."

"எனக்குத் தெரியாதும்மா. சிஸ்டரைக் கேளு" என்றார் பெத்ரஸ். குத்திக் காட்டும் குரல் இல்லை. தெரிந்ததைச் சொல்லும் குரல்தான். "அவங்களுக்கு அதை எழுதிப் பழக்கம்."

டெல்மரி சன்னாவின் பக்கம் திரும்பினாள், பேனாவைத் தாளில் வைத்தபடி.

ஒரு மணி நேரத்துக்கு முன் அதே குன்றில் நின்று அழித்த பெயரை, சன்னா ஃபொர்டுயின் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.